நுரையீரல் தொற்றுத் தடுப்பூசியும் சோதனை எலிகளும்: கேள்வி பதில்

கேள்வி: எலிக்கு நிமோனியாவை எப்படி வரவழைக்கிறார்கள்?

மூக்கு வழியாகத்தான். சுண்டெலிக்கு மயக்கம் கொடுத்து, தலை மேலிருக்கப் பிடித்துக்கொண்டு, நிமோனியாவை உண்டாக்கும் நியூமோகாக்கஸ் என்ற பாக்டீரியா கலந்த திரவத்தை மூக்குத் துளையில் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். விழித்திருக்கும் எலி தும்மும், விழுங்கும். மயங்கிய எலி மூச்சோடு இழுத்துக்கொள்ளும். விழித்திருக்கும்போது 10 மைக்ரோலிட்டர் விட்டால் கிருமி பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். மயக்கத்தில் 50 மைக்ரோலிட்டர் விட்டால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். ஆய்வுக் கட்டுரையைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான்.

கேள்வி: தடுப்பூசி வேலை செய்ததா என்று எப்படித் தெரியும்? பிழைத்த எலிகளை எண்ணினால் போதாதா?

போதாது. பிழைத்த எலியின் நுரையீரலிலும் கிருமி மண்டிக் கிடக்கலாம். அதனால் ஓரிரு நாளில் சில எலிகளின் நுரையீரலை எடுத்து அரைத்து, பத்துப் பத்து மடங்காக நீர்த்து, ரத்த அகார் தட்டில் (ரத்தம் கலந்த கிருமி வளர்க்கும் கூழ்த் தட்டு) பரப்பி, 37 டிகிரியில் ஓர் இரவு வைப்பார்கள். மறுநாள் நடுவில் குழிந்து, சுற்றிலும் பச்சை படர்ந்த சிறு புள்ளிகளாகக் கிருமிக் கூட்டங்கள் தெரியும். எண்ண வேண்டியது அவற்றைத்தான். ஊசி போட்ட எலிக்கும் போடாத எலிக்கும் இடையே நூறு மடங்கு, ஆயிரம் மடங்கு வித்தியாசம் இருந்தால் பேசலாம். எண்ணுபவருக்கு எது எந்த எலியின் தட்டு என்று தெரியக் கூடாது.

கேள்வி: "எலிகளை முழுமையாகக் காத்தது" என்று செய்தி வந்தால் நம்பலாமா?

எந்த எலி, எந்தக் கிருமி, எப்போது என்று கேளுங்கள். நியூமோகாக்கஸைச் சுற்றியுள்ள சர்க்கரை உறையில் நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. மனிதரைப் படுத்தும் 19எஃப், 23எஃப் போன்ற வகைகள் எலியைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. எலி இனத்திலும் பேதம் உண்டு: பால்ப்-சி எலி ஓரளவு தாங்கும், சிபிஏ எலி சட்டென்று விழும். கடைசித் தவணைக்கு இரண்டு வாரம் கழித்து, எதிர்ப்பொருள் உச்சத்தில் இருக்கும்போது கிருமியைக் கொடுத்தால் முடிவு அழகாகத்தான் வரும். ஆறு மாதம் கழித்துக் கொடுத்தார்களா?

கேள்வி: எலி தவிர வேறு விலங்குகள்?

காசநோய்க்கு, அதன் கிருமியைக் கண்டறிந்த ராபர்ட் காக் காலத்திலிருந்தே கினிப்பன்றி. கக்குவான் இருமலுக்கு பபூன் குரங்கு. 2014இல் வெளியான பபூன் ஆய்வு என் பார்வையில் இந்தத் துறையின் மிகப் பயனுள்ள சோதனைகளில் ஒன்று. செல்லற்ற தடுப்பூசி (முழுக் கிருமி இல்லாமல் அதன் சில புரதங்கள் மட்டும் உள்ளது) பெற்ற குரங்குகளுக்கு நோய் வரவில்லை. ஆனால் தொண்டையில் கிருமி வாரக்கணக்கில் தங்கி, அடுத்த குரங்குக்கும் பரவியது. பிழைத்தவற்றை மட்டும் எண்ணியிருந்தால் இது கண்ணில் பட்டிருக்காது.

கேள்வி: எலி சாகும்வரை விட்டுவிடுவார்களா?

இப்போது பெரும்பாலும் இல்லை. எடை, உடல் வெப்பம் ஆகியவை குறித்த எல்லைக்குக் கீழே போனால் வலியின்றி முடித்துவிடுவார்கள். ரஸ்ஸல், பர்ச் என்ற இரு பிரிட்டிஷ் அறிவியலாளர்கள் 1959இல் முன்வைத்த மாற்று (விலங்குக்குப் பதில் வேறு வழி), குறைப்பு (எண்ணிக்கையில்), மேம்பாடு (வேதனை குறையும்படி) என்ற மூன்று கொள்கைகளே இதற்கு அடிப்படை.

கேள்வி: விலங்கே வேண்டாம் என்ற நிலை வருமா?

ஓரளவு வந்துவிட்டது. ஊசி போட்டவரின் சீரம் (எதிர்ப்பொருள் உள்ள ரத்தநீர்) வெள்ளணுக்களைக் கொண்டு கிருமியை விழுங்க வைக்கிறதா என்று ஆய்வகத்திலேயே பார்க்கலாம். குழந்தைகளுக்கான, நியூமோகாக்கஸின் 13 உறை வகைகளுக்கு எதிரான தடுப்பூசிக்கு 2010இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, பழைய 7 வகை ஊசியோடு எதிர்ப்பொருளை ஒப்பிட்டதன் பேரில்தான். சர்க்கரை உறையை விட்டுப் புரதத்தைக் குறிவைக்கும் புதிய ஊசிகளுக்கு அப்படியோர் ஒப்புக்கொள்ளப்பட்ட அளவுகோல் இன்னும் இல்லை. அதுவரை எலியைத்தான் கேட்க வேண்டும்.