இலங்கையின் மலையூர் அப்புத்தளை போகிறவர்களுக்கு: கேள்வி பதில்

மிரிஸ்ஸ கடற்கரையில் நிற்கிறோம். அப்புத்தளைக்கு எப்படி வருவது அண்ணா?
மாத்தறைக்கு வந்து வெல்லவாய பஸ் பிடியுங்கள். அங்கிருந்து கொஸ்லந்தை, பெரகலை வழியாக ஏற்றம். ஜன்னலோரம் உட்கார்ந்தால் 220 மீட்டர் உயரத் தியலும நீர்வீழ்ச்சி தெரியும். ஊர் 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிறது, ஸ்வெட்டர் கட்டாயம்.

லிப்டன் சீட்டுக்கு எத்தனை மணிக்குப் போகலாம்?
தேயிலை வியாபாரி லிப்டன் பேரில் உள்ள மலையுச்சி அது. விடியும் முன்னே போங்கள். வெயில் ஏறினால் பள்ளத்திலிருந்து மூட்டம் எழும்பி எல்லாவற்றையும் மூடிவிடும். தம்பேதன்னை தொழிற்சாலை வரை பஸ் உண்டு. மேலே ஏழு கிலோமீட்டரளவு ஏற்றம். ஓட்டோவில் ஏறி, நடந்து இறங்குங்கள். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களைக் கேட்காமல் படம் பிடிக்காதீர்கள்.

பத்து மணிக்குப் போனால் காட்சி தெரியுமா?
மேலே சொல்லிவிட்டேன்.

எல்லவா, அப்புத்தளையா?
கூட்டம் பிடிக்குமென்றால் பக்கத்து ஊரான எல்ல.

அடிஷாம் பங்களா?
1931இல் கட்டியது, இப்போது துறவிகளின் மடம். வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும்தான் உள்ளே விடுவார்கள்.

லிப்டன் வராவிட்டால் இந்த மலை வெறும் காடுதானே?
இல்லை. லிப்டன் தோட்டங்களை வாங்கியது 1890இல். அதற்கு முன்பே இலங்கை மலைகளில் கோப்பி இருந்தது. 1869இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அழித்தது. கண்டிப் பக்கத்து லூல்கந்துரைத் தோட்டத்தில் ஸ்கொட்லாந்துக்காரர் ஜேம்ஸ் டெயிலர் தேயிலை பயிரிட்டது 1867இல். காடு வெட்டி, கான் (வடிகால்) வெட்டி, கன்று நட்டவர்கள் தமிழ்நாட்டிலிருந்து வந்த எங்கள் முன்னோர். 1948 குடியுரிமைச் சட்டம் அவர்களின் பிள்ளைகளை நாடற்றவர்களாக்கியது. அந்த உச்சியில் நிற்கும்போது இதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பயணம் பற்றிக் கேட்டால் அரசியல் எதற்கு ஐயா?
நீங்கள் பஸ்ஸில் கடக்கும் கொஸ்லந்தைப் பக்கம்தான் மீரியபெத்தை. 2014 ஒக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளை, மூடியது. ஆபத்தான சரிவில் இன்னும் லயங்கள் இருக்கின்றன; அங்கே யார், ஏன் குடியிருக்கிறார்கள் என்பதற்கு அந்த வரலாறுதான் பதில். உங்கள் பயணத்துக்கும் இது பொருந்தும்: ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வருகிறவர்கள் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். சிவப்பு எச்சரிக்கை என்றால் கடற்கரையிலேயே இருங்கள்.

ரயில் ஓடுகிறதா?
ஸ்டேஷனில் கேளுங்கள். மழைக்குப் பாதை அடைபடும்.

கொழுந்துக் கூடையை வாங்கி மாட்டிக்கொண்டு படம் எடுக்கலாமா அண்ணா?
வேண்டாம் தங்கச்சி. பறித்த கொழுந்தை நிறுத்துத்தான் அவர்களுக்குப் பேர், அதாவது ஒரு நாள் சம்பளம், போடுவார்கள். நிறை குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். உங்களுக்காக நிற்கும் நேரம் அவர்கள் சம்பளத்தில் குறையும்.