வயலில் கட்டும் ஒட்டுண்ணி அட்டை கோழிக்கொட்டகை ஈக்கு உதவுமா?

கேள்வி: மன்னார்குடி பக்கம் கூண்டு முறையில் 3,000 முட்டைக்கோழி வளர்க்கிறேன். எச்சக் குவியலில் வாரா வாரம் மருந்து அடித்தும் பத்தே நாளில் ஈ திரும்பிவிடுகிறது. ஊரில் சண்டைக்கு வருகிறார்கள். நெல் வயலில் கட்டும் ஒட்டுண்ணி அட்டையைக் கொட்டகையில் கட்டலாமா?

பதில்: கட்டிப் பயனில்லை. அந்தக் காகித அட்டையில் இருப்பது டிரைக்கோகிரம்மா என்னும் பொடிக் குளவி. தண்டுத்துளைப்பான், இலைச்சுருட்டுப் புழுவின் தாய் அந்துகள் இடும் முட்டையைத்தான் அது தேடும், ஈயைச் சீண்டாது. ஈக்கு எதிரி ஸ்பலாஞ்சியா, மஸ்கிடிஃபியூராக்ஸ் என்னும் வேறு குளவிகள். கறுப்பாக, 2–3 மி.மீ. நீளம்தான் இருக்கும். ஆளையும் கொட்டாது, கோழியையும் கொட்டாது. ஈயின் கூட்டுப்புழுவைத் துளைத்து உள்ளே முட்டை வைக்கும்; அதில் பிறக்கும் புழு, ஈ ஆக வேண்டியதைத் தின்று தீர்த்துவிட்டுக் குளவியாக வெளிவரும்.

இந்தக் குளவியை வாங்கிக் கொட்டகையில் விடுவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். வெயில் காலத்தில் முட்டை ஈயாக மாற 7–10 நாள் போதும். குளவிக்கு 2 முதல் 4 வாரம் வேண்டும். எச்சத்தின் மேல் மருந்து அடித்தால் இரண்டும் சாகும். முந்திக்கொண்டு திரும்புவது ஈதான். நீங்கள் சொல்லும் பத்து நாள் கணக்கு இதுவே. ஆகவே எச்சத்தின் மேல் அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஈ உட்காரும் சுவர், தூணோடு நிற்கட்டும்.

உங்கள் கொட்டகையில் குளவி இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். புழு ஈரத்தில் வளர்ந்தாலும் கூடு கட்டக் காய்ந்த ஓரத்துக்கு வந்துவிடும். குவியலின் விளிம்பை நாலைந்து இடத்தில் கிளறினால் நெல்மணி நீளத்தில் செம்பழுப்புக் கூடுகள் கிடைக்கும். 100 எடுத்து, வாயில் வேட்டித் துணி கட்டிய பாட்டிலில் போட்டு நிழலில் வையுங்கள். ஒரு வாரத்துக்குள் வருவது ஈ. அதன்பின் ஒரு மாதம் வரை வருவது குளவி. வெறுங்கூட்டைப் பார்த்தாலும் தெரியும்: ஈ வெளியேறிய கூடு முனையில் மூடி திறந்தாற்போல் இருக்கும், குளவி போட்டது குண்டூசி குத்தியது போன்ற சின்ன வட்டத் துளை.

குளவி வந்தால் அதையே பெருக்குங்கள். வாரம் ஒருமுறை கூடுகளைச் சேர்த்து ஒரு பிளாஸ்டிக் வாளியில் போட்டு, வாயைக் கொசுவலையால் இறுக்கிக் கட்டுங்கள். ஈ உள்ளேயே மாளும். குளவி வலைக்கண் வழியே குவியலுக்குப் போய்விடும். வாளியைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்துங்கள், இல்லையேல் எறும்பு மொத்தத்தையும் தூக்கிப் போய்விடும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

எச்சம் சொதசொதவென்று இருந்தால் எந்தக் குளவியாலும் ஈடுகொடுக்க முடியாது. புது எச்சத்தில் 75 சதவீதத்துக்கு மேல் ஈரம். அது 50க்குக் கீழே இறங்கினால்தான் புழு திணறும். கோழி நீர் குடிக்கும் நிப்பிள் ஒழுகினால் அன்றன்றே மாற்றுங்கள். தீவனத்தில் உப்பு கூடினாலும் கோழி அதிகம் குடித்து நீராகக் கழியும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சாரல் படாமல் தாழ்வாரத்தை நீட்டி, சுற்றிலும் வாய்க்கால் வெட்டுங்கள். குவியல் கூம்பாக எழும்பட்டும், கிளறாதீர்கள். சுண்ணாம்பைக் கொட்டுவது வேண்டாம், அம்மோனியா நெடி கிளம்பிக் கோழியின் கண்ணைக் கெடுக்கும்.

எருவை ஒரே நாளில் வழித்தெடுக்கும் வழக்கத்தையும் விடுங்கள். அதோடு குளவியும் லாரி ஏறிவிடும். ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை எடுத்து, மீதியை 3–4 வாரம் கழித்து எடுங்கள். அடியில் நாலு அங்குலக் காய்ந்த எரு கிடக்கட்டும். எடுத்ததைத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள். உள்ளே ஏறும் சூட்டில் புழு வெந்துவிடும்.

மீறிப் பெருகினால் கால்நடை மருத்துவரைக் கேட்டு, தீவனத்தில் சைரோமசின் 4–6 வாரம் கொடுக்கலாம். அளவு டன்னுக்கு 5 கிராம் மூலமருந்து. அது எச்சத்தில் இறங்கிப் புழுவைத்தான் தாக்கும், குளவியை அல்ல.

முதல் மாதம் ஈ குறைந்ததாகவே தெரியாது. ஊராருக்குப் பதில் சொல்ல அதுவரை கொட்டகை ஓரங்களில் பசைத்தாள் தொங்கட்டும்.