கையில் தட்டுப்படாத பாதை

அன்புள்ள ஆசிரியருக்கு,

நான் அக்குபங்சர் படித்துக்கொண்டிருக்கிறேன். புள்ளிகள் இருக்கும் இடங்களை ஓரளவு மனப்பாடம் செய்துவிட்டேன். சக்தி ஓட்டப் பாதைகள் பற்றிய பாடம் வந்தால் மட்டும் தலை சுற்றுகிறது. எங்களுக்குள் ஒரு சிறு குழு உண்டு. பல காலமாக வைத்தியம் பார்ப்பவர்களும் என்னைப் போன்ற மாணவர்களும் கூடி, ஒருவர் கையை ஒருவர் தொட்டுப் பாதைகளைப் பழகுகிறோம். எல்லாரும் தங்கமானவர்கள். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காமல் சொல்லித்தருவார்கள். ஆனால், "இதோ, இங்கே ஒரு முடிச்சு, தெரிகிறதா?" என்று அவர்கள் கேட்கும்போது எனக்கு ஒன்றும் தெரிவதில்லை. தெரிகிறது என்று தலையாட்டிவிடுகிறேன். இந்தப் படிப்புக்கு நான் லாயக்கில்லையோ?

எம்.

அன்புள்ள எம்.,

முதல் வேலையாக அந்தத் தலையாட்டலை நிறுத்துங்கள். "எனக்குத் தெரியவில்லை" என்று நீங்கள் வாய்விட்டுச் சொன்னால்தான் சொல்லித்தருபவர் உங்கள் விரலைப் பிடித்து நகர்த்துவார், இன்னும் அழுத்து, கொஞ்சம் விடு என்பார். தெரிகிறது என்றால் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார். கேள்வி கேட்டால் கோபித்துக்கொள்ளாத மனிதர்கள் கிடைத்திருக்கிறார்கள். பலருக்கு அது அமைவதில்லை. பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

சரி, பாதைகளுக்கு வருவோம். புள்ளிகளை முதலில் படித்துவிட்டு, பாதையை அவற்றை இணைக்கும் கோடாகப் பார்ப்பதால்தான் தலை சுற்றுகிறது என்று நினைக்கிறேன். சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 168-ல் மூடப்பட்ட ஒரு கல்லறையிலிருந்து 1973-ல் பட்டுத்துணியில் எழுதிய மருத்துவ ஏடுகள் கிடைத்தன. அவற்றில் பதினோரு பாதைகள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. எந்தப் பாதையில் என்ன நோய் வரும், அதில் சூடு வைப்பது எப்படி என்றெல்லாம் இருக்கிறது. புள்ளிகளின் பெயர்கள் இல்லை, ஊசியும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் தரப்படுத்திய 361 புள்ளிகளை வைத்துக்கொண்டு நாம் திணறுகிறோம். அந்த ஏடுகளை எழுதியவர்களுக்குப் பாதை மட்டுமே போதுமானதாக இருந்திருக்கிறது.

இன்று கற்பிக்கப்படும் பன்னிரண்டு பாதைகளையும் தனித்தனியாகப் படிக்காமல் மூன்று சுற்றுகளாகப் பாருங்கள். நுரையீரல் பாதை மார்பிலிருந்து கைக்கு வருகிறது. கையிலிருந்து பெருங்குடல் பாதை முகத்துக்கு ஏறுகிறது. முகத்திலிருந்து வயிற்றுப் பாதை காலுக்கு இறங்குகிறது. காலிலிருந்து மண்ணீரல் பாதை மார்புக்குத் திரும்புகிறது. ஒரு சுற்று முடிந்தது. அடுத்தது இதயம், சிறுகுடல், சிறுநீர்ப்பை, சிறுநீரகம். அப்புறம் இதய உறை, மூவெப்ப மண்டலம் (உடற்பகுதியை மூன்றாகப் பார்க்கும் சீன மருத்துவக் கருத்து), பித்தப்பை, கல்லீரல். மூன்றும் ஒரே ஒழுங்கில் ஓடுகின்றன: மார்பு, கை, முகம், கால், மறுபடி மார்பு. முதல் சுற்றில் காலுக்கு இறங்கும் பாதை உடலின் முன்பக்கம் ஓடுகிறது, இரண்டாவதில் முதுகுப்பக்கம், மூன்றாவதில் விலாப்பக்கம். இது பிடிபட்டுவிட்டால் நெற்றி வலிக்கு வயிற்றுப் பாதை, பிடரி வலிக்கு சிறுநீர்ப்பைப் பாதை, பொட்டுப் பக்க வலிக்குப் பித்தப்பைப் பாதை என்று ஏன் சொல்கிறார்கள் என்பதை மனப்பாடம் செய்ய வேண்டியிருக்காது. சளிக்கு மண்ணீரல் பாதையை ஏன் தொடுகிறார்கள் என்பதும் விளங்கும். நுரையீரல் பாதையும் மண்ணீரல் பாதையும் 'தாய்யின்' என்ற ஒரே சீனப் பெயரின் கைப்பங்கும் கால்பங்கும்.

இனி விரல். ஒருவர் முன்கையை மல்லாத்தி வையுங்கள். முழங்கையை லேசாக மடக்கச் சொன்னால் மடிப்பின் நடுவில் ஒரு தசைநாண் புடைத்து நிற்கும். அதன் கட்டைவிரல் பக்கத்துப் பள்ளம் நுரையீரல் 5, அதாவது நுரையீரல் பாதையின் ஐந்தாம் புள்ளி. அங்கிருந்து மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடமான நுரையீரல் 9 வரை உங்கள் கட்டைவிரலின் ஓரத்தால் மெதுவாக நகருங்கள். முதல் முறை தோலை மட்டும் தொடுங்கள்: எங்கே வறட்சி, எங்கே சில்லிப்பு? இரண்டாம் முறை சதை வரை: எங்கே தொய்வு, எங்கே இறுக்கம்? மூன்றாம் முறை இன்னும் ஆழமாக. பிறகு அடுத்த கையில் இதையே செய்யுங்கள். ஒரு கையை மட்டும் தொட்டால் ஆரம்பத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது. இரண்டு கைகளுக்கும் உள்ள வித்தியாசம்தான் விரலுக்கு முதலில் புரியும். மணிக்கட்டு மடிப்புக்கு ஏழு சுன் மேலே நுரையீரல் 6 இருக்கிறது, திடீர் இருமலில் அது வலிக்கும் என்பது மரபு. இருமலோடு யாராவது குழுவுக்கு வந்தால் அவரிடம் பழகுங்கள். சுன் என்பது நீள அளவு. படுத்திருப்பவரின் கட்டைவிரல் அகலம் ஏறத்தாழ ஒரு சுன். அது அவர் உடலளவு, உங்கள் விரலளவு அல்ல. புதியவர்கள் இதில்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

பெய்ஜிங்கில் 2017-ல் மறைந்த மருத்துவர் வாங் ஜூயி, ஊசிக்கு முன் பாதையைத் தடவிப் பார்ப்பதை நோயறிதலின் மையத்தில் வைத்தவர். முழங்கைக்குக் கீழும் முழங்காலுக்குக் கீழும் உள்ள பகுதிகளுக்கு அவர் கொடுத்த முக்கியத்துவத்தை நீங்களும் கொடுங்கள். மாற்றங்கள் அங்கேதான் எளிதில் தட்டுப்படும்.

உங்கள் குழுவிடம் ஒரு பயிற்சி கேளுங்கள். ஒரே கையை இரண்டு பேர் தனித்தனியாகத் தொட்டு, பேசிக்கொள்ளாமல் எழுதிவைத்து, பிறகு ஒப்பிட வேண்டும். அனுபவசாலிகளும் உட்பட. எத்தனை இடங்களில் ஒத்துப்போகிறது என்று தெரியவரும். அன்பான குழுக்களில் ஒருவர் சொன்னதை மற்றவர் மறுக்கத் தயங்குவது இயல்பு. மூத்தவர் முடிச்சு என்றால் எல்லாருக்கும் முடிச்சு தெரிந்துவிடும். பலன் தராத சிகிச்சைகளையும் அங்கே பேசுங்கள். உடலை அறுத்துப் பார்த்தவர்கள் நரம்பையும் ரத்தக் குழாயையும் போலப் பாதை என்று தனியாக எதையும் காணவில்லை. 2018-ல் வெளியான ஓர் ஆய்வு, நாள்பட்ட வலி பற்றிய 39 சோதனைகளிலிருந்து 20,827 பேரின் தரவைச் சேர்த்துப் பார்த்தது. போலி ஊசியைவிட அக்குபங்சர் மேல் என்றது, ஆனால் அந்த வித்தியாசம் சிறியது. இதையெல்லாம் மனம் நோகாமல் பேச முடிகிற குழுவில்தான் நன்றாகக் கற்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

கடைசியாக இரண்டு எச்சரிக்கைகள். தோள்மேல் உள்ள பித்தப்பை 21-க்கு அடியில் நுரையீரலின் நுனி இருக்கிறது. அங்கே ஆழமாகக் குத்தினால் நுரையீரல் சுருங்கிப்போகலாம். நேரில் பார்த்து, கைபிடித்துக் கற்றுத் தரும்வரை அங்கே ஊசியை எடுக்காதீர்கள். முழங்காலுக்குக் கீழே உள்ள வயிற்றுப் பாதை 36-லிருந்து இரண்டு சுன் கீழே குடல்வால் புள்ளி என்று ஒன்றைச் சொல்லித்தருவார்கள். அந்த இடம் வலிக்கிறது, வலது அடிவயிற்றிலும் வலி, கூடவே காய்ச்சலும் வாந்தியும் என்றால், பாதை பற்றிய பேச்சே வேண்டாம். உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.