கோணலா இருக்கிற மாஸ்கோ வெள்ளிக்காசு - கடிதம்

வணக்கம் சார்,

நாணயக் கண்காட்சியில ஒருத்தர் இவான் காலத்து மாஸ்கோ கோபெக்னு சொல்லி ஒரு குட்டி வெள்ளிக்காசு காமிச்சாரு. வட்டமா இல்ல, எழுத்து பாதி காணோம். அதே நூற்றாண்டுல ஜெர்மன் பக்கம் எவ்வளவு பெருசா, அழகா தாலர்ங்கற வெள்ளிக்காசு அடிச்சிருக்காங்க! ரஷ்யாவுல அப்ப தொழில்நுட்பம் வரலைன்னு எடுத்துக்கலாமா? உடைஞ்ச காசு எதுக்குன்னு வாங்காம வந்துட்டேன்.

வாசகர், திருச்சி

வணக்கம்,

அது உடைஞ்சது இல்லீங்க, அடிக்கும்போதே அப்படித்தான். தொழில்நுட்பம் வரலைங்கறத நான் ஒத்துக்கவே மாட்டேன்.

உங்க காசுல இருக்கிற இவான், அதாவது நாலாம் இவான், 1533ல அவர் அப்பா செத்தப்ப மூணு வயசுப் பையன். மாஸ்கோ அப்ப இன்னும் ஒரு பெருங்கோமான் ஆளுற நாடுதான், ஜார்ங்கற பேரரசர் பட்டமெல்லாம் 1547லதான். பையனுக்கு பதிலா ஆட்சி பண்ணது அம்மா எலேனா கிளின்ஸ்கயா. அவங்களுக்கு முன்னாடி நின்ன பெரிய தலைவலி காசுதான், ஓரத்த வெட்டி வெள்ளிய எடுத்துக்கிட்டு மிச்சத்த செலவு பண்றது, கலப்படத்துல கள்ளக்காசு அடிக்கறது, அப்படி அடிச்சவங்க வாயில வெள்ளீயத்த காய்ச்சி ஊத்துனாங்கன்னு அந்த ஊர் ஆண்டுக்குறிப்புலயே இருக்கு, அவ்வளவு பண்ணியும் நிக்கல. அதனால 1535ல பழைய காச ஒதுக்கிட்டு புதுசா அடிக்க ஆரம்பிச்சாங்க, அதுதான் கோபெக்.

எப்படி அடிச்சாங்கங்கறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச இடம். வெள்ளிய கம்பியா இழுத்து, ஒரே நீளத்துல துண்டு போட்டு, தட்டி சப்பையாக்கி, ரெண்டு அச்சுக்கு நடுவுல வச்சு சுத்தியலால ஒரு அடி. கம்பி ஒரே தடிமன், துண்டு ஒரே நீளம், அப்ப எடையும் ஒண்ணா வந்துரும். தகட்டுல இருந்து வட்டம் வட்டமா வெட்டினா ஓரத்துல வெள்ளி மிஞ்சும், ஒவ்வொண்ணையும் நிறுத்து அரத்துல ராவணும், இதுல அந்த வேலை பெரும்பாலும் மிச்சம். மாஸ்கோகிட்ட அப்ப சொந்த வெள்ளிச் சுரங்கமே கிடையாது, எல்லாம் வியாபாரத்துல வெளிய இருந்து வரணும், பொடி கூட வீணாக்க முடியாது. நீங்க சொன்ன தாலரே பின்னாடி மூட்டை மூட்டையா அங்க போய் உருகி கோபெக் ஆகியிருக்கு!

எழுத்து பாதி காணாம போறதுக்கும் காரணம் இதுதான், அச்சு பெருசு, வெள்ளித்துண்டு சின்னது, எந்தப் பக்கம் உக்காருதோ அந்தப் பக்கம் மட்டும் விழும். ஆனா அச்சுல குறை சொல்ல முடியாது, ஒரு மூல அச்சு செஞ்சு அதுல இருந்து நிறைய அச்சு எடுத்திருக்காங்க.

ஒரு கிரிவென்கா வெள்ளிக்கு (அந்த ஊர் எடை அளவு, சுமார் 204 கிராம்) முன்னாடி 260 காசு அடிச்சாங்க, 1535க்கு அப்புறம் 300. அதாவது ஒரு காசு 0.68 கிராம், எடைய குறைச்சதுல கஜானாவுக்கும் லாபம், அதையும் சொல்லணும்ல. ரூபிள்ங்கறது வெறும் கணக்குதான், 100 கோபெக் எண்ணினா ஒரு ரூபிள். 17ஆம் நூற்றாண்டுல அங்க போன ஒலியாரியஸ்ங்கற ஜெர்மன்காரர், இந்த ஜனங்க பேரம் பேசும்போது 50 கோபெக் வரைக்கும் வாயில போட்டுக்கறாங்க, ஆனாலும் பேச்சு தடுமாறலைன்னு எழுதி வச்சிருக்காரு.

இதே முறை கடைசியில அவங்களையே படுத்துச்சு. 1655ல செம்புல அதே கோபெக்க அடிச்சு வெள்ளி மதிப்புன்னு சொன்னாங்க, விலை எகிறி 1662ல மாஸ்கோவுல கலவரம், அடுத்த வருஷம் செம்ப நிறுத்திட்டாங்க. ஜார் முதலாம் பீட்டர் காலத்துல வெள்ளி கோபெக் எடை 0.28 கிராமுக்கு வந்துருச்சு, கையில பிடிக்கவே கஷ்டம், 1718ஓட இப்படி அடிக்கறத நிறுத்திட்டாங்க.

அடுத்த தடவ அந்தக் காசுக்காரர பார்த்தா, காசுல பொறிச்சிருக்கிற குதிரைக்காரன் கையில என்னன்னு பாருங்க, ஈட்டின்னா கோபெக், வாள்னா அதுல பாதி மதிப்புள்ள டெங்கா. பின்பக்கம் எழுத்துல ஜார்ங்கற வார்த்தை இருந்தா 1547க்கு அப்புறம், வெறும் பெருங்கோமான் இவான்னு மட்டும் இருந்தா அதுக்கு முன்னாடி, அந்தப் பையன் காலத்துது. சின்ன தராசு ஒண்ணு கையோட எடுத்துட்டு போங்க, கோபெக்னா 0.68 பக்கத்துல நிக்கணும். நின்னுச்சுன்னா, விலையும் கட்டுப்படியானா, கோணலப் பார்க்காம வாங்கிருங்க.