ஒரே மாடல், வேறு சில்லு: கணினி ஏற்காத வைஃபை அடாப்டர்

கேள்வி: மேசைக் கணினிக்காக யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று வாங்கினேன். நண்பரின் லினக்ஸ் கணினியில் அதே மாடல் செருகியவுடன் வேலை செய்ததால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன். என்னுடையதும் லினக்ஸ்தான், ஆனால் அடாப்டரின் விளக்குகூட எரியவில்லை. சாதனத்தில் குறையில்லை, உங்கள் கணினியில்தான் கோளாறு என்கிறார் விற்பனையாளர். அவர் சொல்வது சரியா?

பதில்: சாதனமும் நன்றாக இருக்கலாம், கணினியும் நன்றாக இருக்கலாம், இரண்டுக்கும் இடையில் பேச வேண்டிய டிரைவர் என்ற மென்பொருள் இல்லாமல் இருக்கலாம். விளக்கு எரியாததைப் பழுதுக்குச் சான்றாகக் கொள்ள வேண்டாம், ஏனெனில் பல அடாப்டர்களில் விளக்கை எரிய வைப்பதே டிரைவர்தான்.

யுஎஸ்பி சாதனத்தைச் செருகியதும் அது தரவுக் கம்பிகளில் ஒன்றின் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அதைக் கொண்டுதான் ஏதோ ஒன்று வந்திருக்கிறது என்று கணினி அறிகிறது. பிறகு இயங்குதளம் அந்தச் சாதனத்தை மீட்டமைத்து, 1 முதல் 127 வரையிலான முகவரிகளில் ஒன்றை அதற்கு ஒதுக்கி, அதன் விவரக் குறிப்பைக் கேட்கிறது. 18 பைட் அளவே உள்ள அந்தக் குறிப்பில் தயாரிப்பாளர் எண், பொருள் எண் என இரண்டு அடையாள எண்கள் உள்ளன. எந்த டிரைவர் எந்த எண்களுக்கு உரியது என்ற பட்டியல் இயங்குதளத்திடம் இருக்கிறது. எண்கள் பொருந்தினால் அந்த டிரைவர் ஏற்றப்படும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட மாடல் பெயருக்கு இந்தத் தேடலில் எந்தப் பங்கும் இல்லை.

பென் டிரைவ், விசைப்பலகை, மவுஸ் ஆகியவற்றை வாங்கும்போது இந்தக் கவலை எழுவதில்லை. அவை தங்கள் வகையைச் சொல்லிவிடுகின்றன. அந்த வகை முழுவதற்கும் பொதுவான ஒரே டிரைவர் எல்லா இயங்குதளங்களிலும் உண்டு. வைஃபை அடாப்டர்கள் பெரும்பாலும் அப்படிப்பட்ட பொதுவகையில் சேராதவை என்பதால், உள்ளே இருக்கும் சில்லுக்கு உரிய டிரைவர் இல்லாமல் அவை இயங்குவதில்லை.

ஒரே மாடல் பெயரில் வேறு வேறு சில்லுகள் விற்கப்படுவதுதான் வாங்குபவரை ஏமாற்றத்தில் தள்ளுகிறது. டிபி-லிங்க் நிறுவனத்தின் டிஎல்-டபிள்யூஎன்722என் அடாப்டரின் முதல் பதிப்பில் ஏதெரோஸ் ஏஆர்9271 சில்லு இருந்தது. இரண்டாம் பதிப்பிலிருந்து ரியல்டெக் சில்லு வந்தது. முன்னதற்கு லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே நல்ல டிரைவர் உண்டு. பின்னதை வாங்கிய பலர் டிரைவரைத் தனியாகத் தேடி நிறுவ வேண்டியிருந்தது. உங்கள் நண்பரிடம் இருப்பதும் உங்களிடம் இருப்பதும் இப்படி வேறுபட்ட பதிப்புகளாக இருக்கக்கூடும். சாதனத்தின் பின்புற ஒட்டுச்சீட்டில் பதிப்பு எண் சிறிய எழுத்தில் இருக்கும், இரண்டையும் ஒப்பிடுங்கள்.

அடுத்து, டெர்மினலில் 'எல்எஸ்யுஎஸ்பி' (lsusb) கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள். பட்டியலில் அடாப்டரின் எண்கள் தெரிந்தால் கணினி அதை அடையாளம் கண்டுவிட்டது. குறை டிரைவரிலோ, சில்லுக்குள் ஏற்ற வேண்டிய ஃபர்ம்வேர் கோப்பிலோ இருக்கிறது. அந்த எண்களை இணையத்தில் தேடினால் சில்லின் பெயர் கிடைக்கும். வேறு போர்ட்டிலும் வேறு கணினியிலும்கூட எதுவும் தெரியவில்லை என்றால் சாதனம் பழுது. தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். விண்டோஸ் பயன்படுத்துவோர் டிவைஸ் மேனேஜரைப் பார்க்கலாம்: பிழை எண் 28 என்றால் டிரைவர் நிறுவப்படவில்லை, 43 என்றால் சாதனமே கோளாறைத் தெரிவித்திருக்கிறது, அல்லது அந்த முதல் விவரக் குறிப்பைக்கூடப் பெற முடியவில்லை.

சில அடாப்டர்கள் முதலில் ஒரு சிறிய சிடி டிரைவ் போலத் தோன்றும். விண்டோஸ் டிரைவரை அதிலேயே வைத்துத் தருவதற்கான ஏற்பாடு அது. லினக்ஸில் அதை வைஃபை நிலைக்கு மாற்ற 'யுஎஸ்பி மோட்ஸ்விட்ச்' (usb_modeswitch) என்ற நிரல் தேவைப்படலாம்.

பெட்டியில் லினக்ஸ் ஆதரவு உண்டு என்று போட்டிருந்தாலும் முழுதாக நம்ப வேண்டாம். பழைய கெர்னல் ஒன்றுக்கு எழுதிய டிரைவரின் மூல நிரலைத் தருவதையே சிலர் ஆதரவு என்கிறார்கள். கெர்னல் புதுப்பிக்கப்படும்போது அதை இயங்கும் டிரைவராகத் தொகுக்க முடியாமல் போகலாம். கெர்னலிலேயே டிரைவர் உள்ள சில்லைக் கேட்டு வாங்குவதே நல்லது. சில்லின் பெயரையும் பதிப்பையும் பெட்டியின் வெளியே அச்சிடுவது தயாரிப்பாளரின் கடமை என்பது என் உறுதியான கருத்து. மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்கியவரிடம் கோளாறு உங்கள் கணினியில் என்று சொல்வது நியாயமல்ல. பதிப்பு மாறியிருப்பதைக் காட்டி மாற்றித் தரக் கேளுங்கள்.

கேள்வி: ஆர்ம் செயலி உள்ள விண்டோஸ் மடிக்கணினி வாங்க நினைக்கிறேன். என் பழைய யுஎஸ்பி ஸ்கேனர் அதில் வேலை செய்யுமா?

பதில்: வேலை செய்யும் என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள். இன்டெல் செயலிக்காக எழுதிய மென்பொருள்களை விண்டோஸ் அதில் இன்டெல் செயலி இருப்பதுபோல் உருவகித்து இயக்கும். ஆனால் கெர்னலில் இயங்கும் டிரைவருக்கு அந்த வசதி இல்லை, அது ஆர்ம்64 எனப்படும் 64-பிட் ஆர்ம் செயலிக்கென்றே தொகுக்கப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளரின் தளத்தில் உங்கள் ஸ்கேனருக்கு ஆர்ம்64 டிரைவர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், ஸ்கேனருக்காகப் பழைய கணினியை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது இன்டெல், ஏஎம்டி செயலி உள்ள மடிக்கணினியைத் தேர்ந்தெடுங்கள்.