10,000 ரூபா வவுச்சரும் 24 மாத ஒப்பந்தமும்

வாசகர் கேள்வி – பதில்: வீட்டு இணையம்

கேள்வி: வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றிலுள்ள தொடர்மாடியின் ஐந்தாம் மாடியில் வசிக்கிறோம். கணவர் வாரத்தில் மூன்று நாட்கள் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். மகள் உயர்தரம் படிக்கிறாள். பின்னேரங்களில் அவளுக்குச் சூம் வகுப்பு. மகன் ரொறன்ரோவில் இருக்கிறான். இதுவரை சிம் போட்ட ரௌட்டரோடு காலம் தள்ளினோம். இப்போது ஃபைபர் எடுக்கலாமென்று பார்த்தால் வேகம் ஒன்றாக உள்ள இரண்டு பெக்கேஜ்கள் முன்னால் நிற்கின்றன. முதலாவதற்கு மாதம் 5,000 ரூபா, இணைப்புக் கட்டணம் 15,000 ரூபா. சேர்ந்தால் 10,000 ரூபாவுக்கு சூப்பர்மார்க்கெட் வவுச்சர் தருவார்களாம். இரண்டாவதற்கு மாதம் 4,200 ரூபா, இணைப்புக்கு 12,000 ரூபா, வெகுமதி எதுவும் இல்லை. இரண்டுக்கும் 24 மாத ஒப்பந்தம். வவுச்சர் கிடைப்பதால் முதலாவதுதான் இலாபம் என்கிறார் கணவர். எனக்கு மனம் ஒப்பவில்லை. என்ன செய்யலாம்?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் கணக்கிலேயே இருக்கிறது. மாதக் கட்டணத்தில் உள்ள வித்தியாசம் 800 ரூபா. 24 மாதங்களில் அது 19,200 ரூபா ஆகிறது. இணைப்புக் கட்டணத்தில் உள்ள 3,000 ரூபா வித்தியாசத்தையும் சேர்த்தால் 22,200 ரூபா. இவ்வளவையும் கூடுதலாகக் கொடுத்து 10,000 ரூபா வவுச்சரை வாங்குகிறீர்கள். கையை விட்டுப் போவது 12,200 ரூபா. வவுச்சரின் பெறுமதி ஒன்பதாவது மாதத்திலேயே கரைந்துவிடும். மீதி பதினைந்து மாதங்களும் அந்த 800 ரூபா வீண்செலவுதான். கணவரிடம் இதைத் தாளில் எழுதிக் காட்டுங்கள். வாயால் சொன்னால் வாக்குவாதமாகும்.

இன்னொன்றையும் அந்தத் தாளில் சேர்த்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் போடப்படும் கட்டணம் வரிக்கு முந்தியதா, வரியும் சேர்ந்ததா என்று கேளுங்கள். வற் வரி 2024 ஜனவரியிலிருந்து 18 சதவீதம்; அதற்கு மேல் சமூகப் பாதுகாப்பு உதவுதொகை வரி போன்றவையும் உள்ளன. வரி சதவீதத்தில் விழுவதால், கூடிய கட்டணத்துக்குக் கூடிய வரி என்றாகி, நீங்கள் சொன்ன 800 ரூபா வித்தியாசமும் பில்லில் வரும்போது வளர்ந்திருக்கும். வவுச்சரோ வளராது.

வெகுமதி என்றாலே வேண்டாம் என்று நான் சொல்வதாக நினைக்க வேண்டாம். இரண்டு பெக்கேஜ்களும் விலையிலும் தரத்திலும் ஒன்றாக இருந்து, ஒன்றில் வெகுமதியும் கிடைக்குமானால் அதை விடுவது மடத்தனம். ஆனால் வெகுமதிகளுக்குள்ளும் தரம் உண்டு. பில்லிலேயே கழித்துக் கொடுப்பதுதான் எனக்குப் பிடித்தது. அது காசுக்குச் சமம், மறந்தாலும் காலாவதியாகாது. அடுத்தது, நீங்கள் வழமையாகச் சாமான் வாங்கும் கடையின் வவுச்சர். முதல் மூன்று மாதங்களுக்கு இரட்டிப்பு வேகம் என்பது வெகுமதியே அல்ல: அந்த வேகத்துக்கு வீட்டார் பழகிவிட்டால், நான்காம் மாதம் நீங்களாகவே பெரிய பெக்கேஜுக்கு மாறச் சொல்லிக் கேட்பீர்கள் என்பதற்காகத்தான் அதைத் தருகிறார்கள்.

வெகுமதி எப்போது, எப்படிக் கைக்கு வரும் என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். இணைப்புக் கிடைத்தவுடனா, தொடர்ந்து மூன்று பில்களைத் தவணை தவறாமல் கட்டிய பிறகா? தானாக வருமா, செயலிக்குள் போய் விண்ணப்பிக்க வேண்டுமா? சில ஆண்டுகளுக்கு முன் நானும் இப்படியொரு வவுச்சருக்கு ஆசைப்பட்டேன். நிறுவனத்தின் பெயர் இங்கே வேண்டாம். இணைப்பு வந்து முப்பது நாட்களுக்குள் ஒரு குறுஞ்செய்திக்குப் பதில் அனுப்ப வேண்டுமென்பது நிபந்தனைகளின் கடைசிப் பகுதியில் இருந்தது. நான் அதை வாசித்தது நாற்பதாம் நாள். இந்த விடயத்தில் எனக்குள்ள முன்னெச்சரிக்கையில் பாதி அந்தப் பத்து நாட்களில் கற்றது.

இனி, உங்கள் கடிதத்தில் இல்லாத, ஆனால் வவுச்சரைவிடப் பெரிய கேள்வி: மாதத்துக்கு எத்தனை ஜிபி? இங்கே பல பெக்கேஜ்களில் வேகம் ஒன்றாக இருந்தாலும் டேட்டா அளவு வேறுபடும். உங்கள் வீட்டுப் பாவனையை இப்படிக் கணக்கிட்டுப் பாருங்கள். எச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு ஏறத்தாழ 3 ஜிபி செலவாகும். 4கே தொலைக்காட்சியில் அதே படம் மணிக்கு 7 ஜிபி வரை இழுக்கும். இரவில் மூன்று மணி நேரம் எச்டியில் பார்க்கும் வீட்டுக்கு அது மட்டுமே மாதம் 270 ஜிபி. சூம் வகுப்புக்கும் கூட்டத்துக்கும் மணிக்குச் சுமார் 1 ஜிபி என்று வையுங்கள். மகளுக்கும் கணவருக்குமாக மாதம் இன்னும் 80, 100 ஜிபி. ஆக, 350 ஜிபிக்குக் குறைந்த பெக்கேஜை எடுத்தால் மாதக் கடைசியில் கூடுதல் டேட்டா வாங்க வேண்டிவரும். வரையறையற்றது என்று சொல்லப்படும் பெக்கேஜ்களிலும், ஓர் அளவைத் தாண்டியதும் வேகம் குறைக்கப்படுமா, எவ்வளவுக்குக் குறையும் என்று பாருங்கள். மொத்த அளவில் ஒரு பகுதி நள்ளிரவுக்குப் பிறகு மட்டும் பாவிக்கத்தக்கதாக இருந்தால் அந்தப் பகுதியைக் கணக்கிலேயே சேர்க்க வேண்டாம். உயர்தரம் படிக்கும் பிள்ளை அதிகாலை இரண்டு மணிக்குத் தூங்க வேண்டும்.

நேரில் பார்க்க வேண்டியவையும் சில உண்டு. வெள்ளவத்தைத் தொடர்மாடிகள் பலவற்றில், எந்த நிறுவனத்தின் ஃபைபர் கட்டடத்துக்குள் ஏற்கெனவே வந்திருக்கிறது என்பதே தெரிவை முடித்துவைத்துவிடும். கீழ்த்தளத்திலிருந்து ஐந்தாம் மாடிக்குக் கேபிள் ஏற்ற முகாமைத்துவக் குழுவின் அனுமதி வேண்டும். மேலதிக கேபிளுக்குக் கட்டணம் உண்டா என்று நிறுவனத்திடம் கேட்க வேண்டும். அடுத்த வீட்டாரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்: ஒழுங்கையில் கம்பங்களுக்கிடையே தொங்கும் கேபிளை ஏதாவதொரு லொறி இழுத்து அறுத்தபோது, திருத்த எத்தனை நாட்கள் எடுத்தார்கள்? அந்தப் பதில் எந்த விளம்பரத்திலும் கிடைக்காது.

மின்சாரத்தையும் மறக்கக்கூடாது. பழைய செப்புக் கம்பித் தொலைபேசிக்கு வேண்டிய மின்சாரம் அந்தக் கம்பி வழியாகவே வந்தது. ஃபைபரில் வருவது வெறும் ஒளி. சுவரில் பூட்டப்படும் கருவிக்கு வீட்டு மின்சாரம் வேண்டும். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்ததை நினைத்துப் பாருங்கள். தொடர்மாடியின் ஜெனரேட்டர் உங்கள் வீட்டுச் சொக்கெட்டுக்கும் மின்சாரம் தருகிறதா, லிஃப்டுக்கும் பொதுவிளக்குக்கும் மட்டுமா? இரண்டாவதென்றால் ரௌட்டருக்கான சிறிய யுபிஎஸ் ஒன்றை, அதாவது மின்சாரம் நின்றாலும் தன் பட்டரியிலிருந்து மின்சாரம் தரும் கருவியை, வாங்கிவையுங்கள். மலிவான பெக்கேஜில் மிஞ்சும் பணத்தில் ஒரு பகுதியே அதற்குப் போதும்.

ரொறன்ரோ மகனைப் பற்றி ஒரு சொல். வேகம் கூடிய பெக்கேஜ் எடுத்தால் பேச்சில் வரும் தாமதம் நின்றுவிடும் என்று விற்பனை முகவர் சொன்னால் நம்பாதீர்கள். ஃபைபருக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்கிறது. கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் நேர்கோட்டிலேயே சுமார் 14,000 கிலோமீற்றர் என்பதால், போய்வர விநாடியில் ஏழில் ஒரு பங்காவது வேண்டும். கடலடிக் கேபிள்கள் வளைந்து செல்வதால் உண்மையில் அதைவிடக் கூடும். எந்தப் பெக்கேஜாலும் இதைக் குறைக்க முடியாது.

கேள்வி: வெகுமதியாக இலவச ரௌட்டர் கிடைக்கிறதென்று 100 எம்பிபிஎஸ் பெக்கேஜ் எடுத்தேன். கணினியில் கோப்பு இறக்கும்போது 12 என்றுதான் காட்டுகிறது. பின் அறையில் கைத்தொலைபேசியில் சோதித்தால் 30. ஏமாற்றிவிட்டார்களா?
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: அந்த 12ஐப் பொறுத்தவரை யாரும் ஏமாற்றவில்லை. நிறுவனம் வேகத்தை மெகாபிட்டில் சொல்கிறது; எம்பிபிஎஸ் என்பது விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதுதான். கணினி மெகாபைட்டில் காட்டுகிறது. 8 பிட் சேர்ந்தது 1 பைட். 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5, உங்களுக்குக் கிடைப்பது ஏறக்குறைய முழு வேகம்.

பின் அறையின் 30 வேறு சங்கதி. அதற்குக் காரணம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் இருக்கும். கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளில் சுவர்கள் தடித்தவை. வைஃபையின் 5 கிகாஹேர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் நோஞ்சான், 2.4 கிகாஹேர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு, அயல்வீட்டு ரௌட்டர்களின் நெரிசலும் அதில்தான் அதிகம். முதலில் ஒரு லான் கேபிளால் கணினியை நேரடியாக ரௌட்டரில் செருகிச் சோதியுங்கள். அங்கே 90க்கு மேல் வந்தால் இணைப்பில் குறையில்லை; ரௌட்டரை வீட்டின் நடுப்பகுதிக்கு மாற்றுங்கள், அல்லது பின் அறைக்குக் கேபிள் இழுத்து இன்னொரு வைஃபைக் கருவியைப் பூட்டுங்கள். இலவச ரௌட்டரில் 5 கிகாஹேர்ட்ஸ் இல்லையென்றால், அந்த வெகுமதியின் பெறுமதி எவ்வளவென்று உங்களுக்கே விளங்கிவிடும்.

கேபிளில் சோதித்தும் இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் விழுகிறதென்றால், அது நிறுவனத்தோடு பேச வேண்டிய விடயம். வீட்டு ஃபைபரில் பரவலாகப் பாவிக்கப்படும் ஜிபொன் முறையில் ஒரு கிளைக்கு விநாடிக்குச் சுமார் 2.5 கிகாபிட் வருகிறது. அதை 32 அல்லது 64 வீடுகள் பகிர்ந்துகொள்ளலாம். எல்லோரும் ஒரே நேரத்தில் இழுத்தால் பங்கு சிறுக்கும். காலை, மாலை, இரவு என்று மூன்று நேரச் சோதனை முடிவுகளை ஒரு வாரத்துக்கு எடுத்து வைத்துக்கொண்டு முறையிடுங்கள்.

கேள்வி: சேர்ந்து இரண்டரை மாதங்களாகியும் சொன்ன வெகுமதி வரவில்லை. அழைத்தால் “அடுத்த வாரம்” என்கிறார்கள். பில் கட்டாமல் விடலாமா?
வாசகர், தெஹிவளை

பதில்: வேண்டாம். பில்லை நிறுத்தினால், தவணை தவறியவருக்கு வெகுமதி இல்லை என்ற நிபந்தனையை நீங்களே அவர்கள் கையில் எடுத்துக் கொடுத்ததாகிவிடும், இணைப்பும் போகும்.

தொலைபேசியில் பேசுவதை விட்டு எழுத்துக்கு வாருங்கள். விளம்பரத்தின் படம், ஒப்பந்தப் பிரதி, கட்டிய பில்கள் ஆகியவற்றை இணைத்து, எந்தத் திகதிக்குள் வெகுமதி கிடைக்கும் என்று மின்னஞ்சலில் கேளுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இணைப்பின் தரம், பில் ஆகியவை பற்றிய முறைப்பாடுகளை, 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சட்டத்தை 1996இல் திருத்தி அமைக்கப்பட்ட தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கொண்டுபோகலாம். அதன் அலுவலகம் கொழும்பு 8, எல்விட்டிகல மாவத்தையில் உள்ளது. உங்கள் சிக்கலோ சொன்னதைக் கொடுக்காத வியாபார நடத்தை பற்றியது. அதற்கு 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை உண்டு. அழைப்பு இலக்கம் 1977. தவறாக வழிநடத்தும் வியாபார நடத்தையை அந்தச் சட்டம் தடைசெய்கிறது. ஆனால் முறைப்பாட்டை எழுத்தில், சேவை வழங்கப்பட்டு மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. ஆகவே இந்த “அடுத்த வாரம்” இன்னும் இரண்டு முறை வருவதற்கு இடங்கொடாதீர்கள்.

இதற்கிடையில், “உங்கள் வெகுமதி தயார், உங்கள் தொலைபேசிக்குக் குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க இரகசிய எண்ணைச் சொல்லுங்கள்” என்று வாட்ஸ்அப்பில் யாராவது கேட்டால் சொல்லிவிட வேண்டாம். காத்திருப்பவரைத்தான் இந்த மோசடிக்காரர்கள் எளிதில் பிடிக்கிறார்கள்.

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஒரு வருட வாடகை ஒப்பந்தத்தில் இருக்கிறோம். வெகுமதியுள்ள பெக்கேஜ்கள் எல்லாம் 24 மாதக் கட்டுப்பாட்டோடு வருகின்றன. எடுக்கலாமா?
வாசகி, பம்பலப்பிட்டி

பதில்: முன்கூட்டியே விலகினால் என்ன கட்ட வேண்டும், வெகுமதியைத் திருப்பிக் கேட்பார்களா, வீடு மாறினால் இணைப்பை மாற்றித் தர எவ்வளவு, புதிய இடத்தில் அவர்களின் ஃபைபர் இல்லையென்றால் ஒப்பந்தம் தண்டமின்றி முடியுமா? இந்த நான்குக்கும் எழுத்தில் பதில் கிடைத்தால் எடுக்கலாம். கடைசிக் கேள்விக்கு “இல்லை” என்று பதில் வந்தால், வெகுமதி இல்லாத குறுகிய ஒப்பந்தத்தையோ, நீங்கள் போகுமிடமெல்லாம் கூடவே வரும் சிம் ரௌட்டரையோ தெரிவு செய்யுங்கள். எதை எடுத்தாலும், சுவரில் துளையிடுமுன் வீட்டுச் சொந்தக்காரரின் சம்மதத்தை ஒரு குறுஞ்செய்தியாகவேனும் வாங்கி வையுங்கள். முற்பணத்தில் கழிப்பதற்கு அந்தத் துளை போதும்.