காயப்போட ஒரு இடம்

அன்புள்ள சார்,

பொங்கல் லீவுக்குக் குடும்பத்தோடு பாண்டிச்சேரி செரினிட்டி பீச்சில் மூன்று நாள் தங்கினோம். முன்பு மீனவ கிராமமாம். இப்போது ரிசார்ட், காபி ஷாப், சர்ஃபிங் கிளாஸ். எங்கள் காருக்கு வழிவிட ஒரு வயதான அம்மா தெருவில் காயப்போட்டிருந்த நெத்திலியை ஒதுக்கினார். இன்னும் உறுத்துகிறது. சுற்றுலா அந்த ஊரை அழித்துவிட்டதா? நாங்கள் போயிருக்கவே கூடாதோ?

ம., சேலம்

அன்புள்ள ம.,

போனதில் பாவமொன்றும் இல்லை, விடுங்கள். ஆனால் அந்த ஊருக்குப் பெயர் தந்திராயன்குப்பம். பாண்டிச்சேரிகூட இல்லை, விழுப்புரம் மாவட்டம். மூன்று நாள் சோறு தின்ற ஊரைப் பெயர் சொல்ல என்ன கூச்சம்? 'குப்பம்' நாவில் வரமாட்டேன் என்கிறதா? அப்புறம், அதென்ன 'முன்பு'? நெத்திலியை ஒதுக்கியவர் யாராம்?

அவர் ஏன் தெருவில் காயப்போடுகிறார் என்று மட்டும் நீங்கள் கேட்கவில்லை. சில வாரமாக நான் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு பையைத் தூக்கிக்கொண்டு பாண்டிச்சேரியின் மீனவக் குப்பமான வைத்திக்குப்பம் போவேன். கரையேறிய கட்டுமரத்தைக் கயிறு அவிழ்த்து, கட்டை கட்டையாகப் பிரித்து மணலில் போட்டுவிடுவார்கள். தண்ணீர் குடித்த மரம் காய்ந்தால்தான் மறுபடி லேசாக மிதக்கும். பக்கத்தில் வலை, அதற்கடுத்துக் கருவாடு, நடுவில் ஏலம். அப்பா விவசாயக் குடும்பம். "இது இவங்க களம்டா, செருப்பைக் கழட்டு" என்பார். வெயில் ஏறிவிட்டால் குதித்துக் குதித்துத்தான் நடப்பேன்.

அந்தக் களத்தை முதலில் தின்றது ரிசார்ட் அல்ல. நம் கரையில் வருடத்தின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்கே நகரும். வாடைக்காலத்தில் கொஞ்சம் திரும்பும். 1980களின் கடைசியில் பாண்டிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் நீட்டினார்கள். வந்த மணல் தெற்கே வீராம்பட்டினம் பக்கமே தங்கிவிட்டது, வடக்கே பட்டினி. நகரத்தைக் காக்கக் கருங்கல் கொட்டினார்கள். அரிப்பு அடுத்த குப்பத்துக்குப் போனது. அங்கேயும் கல். சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று வடக்கே ஏறிக்கொண்டே போனது. கல்லின்மேல் வலை காயுமா, படகைத்தான் இழுத்து ஏற்ற முடியுமா? (பாண்டி கடற்கரைச் சாலையில் மட்டும் கடலுக்குள் தடுப்பு இறக்கிக் கொஞ்சம் மணலைத் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள். செல்ஃபிக்கு நன்றாக இருக்கிறது.) ரிசார்ட்காரர்களை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். மிஞ்சிய மணலில் நாற்காலி போட்டிருப்பது அவர்கள்தான். அந்த அம்மாவுக்குத் தெருதான் மிச்சம். அதிலும் உங்கள் கார்.

உறுத்தலுக்கு என்னிடம் மருந்தில்லை. ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். அவரிடம் கால் கிலோ நெத்திலியாவது வாங்கினீர்களா? கடிதத்தில் அதைக் காணோம்.